'நாம்' என்று சொல்வதற்கு முன்: பிரெஞ்சுத் தத்துவத்தில் சமூகம் என்ற கருத்து

பாரிஸில் சான்-ழெர்மேன்-தே-ப்ரே தேவாலயத்தின் முன்னால் ஒரு பேருந்து நிறுத்தம். அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பற்றித் தத்துவவாதி ழான்-பால் சார்த்தர் 1960-இல் வெளிவந்த ஒரு தடித்த நூலில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். எல்லோரும் காத்திருப்பது ஒரே பேருந்துக்கு. ஆனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒருவர் செய்தித்தாளில் முகம் புதைத்திருக்கிறார். நிறுத்தத்தில் உள்ள கருவியிலிருந்து வரிசை எண்ணைக் கிழித்துக்கொள்கிறார்கள். முன்னே நிற்பவருக்கும் பின்னே நிற்பவருக்கும் அந்த எண்ணைத் தவிர வேறு உறவு கிடையாது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நின்றாலும் எதுவும் மாறாது. இடம் குறைவு என்பதால் பக்கத்து ஆள் கொஞ்சம் வேண்டாதவராகவும் தெரிகிறார். இந்தச் சேர்ந்து நிற்கும் தனிமைக்குச் சார்த்தர் வைத்த பெயர் 'தொடர்'.

இதற்கு எதிர்முனையாக அவர் காட்டுவது 1789 ஜூலை 14. பாரிஸைச் சுற்றி அரசனின் படைகள் நிற்கின்றன. சான்-அந்த்வான் பகுதியில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தில் தனக்கு வரப்போகும் ஆபத்தையே பார்க்கிறார். யாரும் கட்டளையிடாமலே கூட்டம் ஒன்றாக நகர்கிறது, பாஸ்தில் சிறை விழுகிறது. இது உருகி ஒன்றான குழு. சரி, மறுநாள் என்ன ஆகும்? ஆபத்து விலகிய பிறகும் குழு நீடிக்க வேண்டுமென்றால் உறுதிமொழி எடுக்க வேண்டும். உறுதிமொழி இருந்தால் மீறுபவருக்குத் தண்டனையும் இருந்தாக வேண்டும். சகோதரத்துவமும் பயங்கரமும் ஒரே உறுதிமொழியிலிருந்து பிறக்கின்றன என்பது சார்த்தரின் முடிவு.

அப்படியானால் ஒட்டாத வரிசைக்கும் உறுதிமொழிக் கும்பலுக்கும் நடுவில் மனிதர்கள் சேர்ந்திருக்க வேறு வழியே இல்லையா? இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சுத் தத்துவவாதிகள் சமூகம் என்ற கருத்தை விடாமல் கிளறியது பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரையில் சமூகம் என்று நான் எழுதும்போது ஒரு நாட்டின் மக்கள்தொகையோ அரசு அமைப்போ மனதில் வர வேண்டாம். சிலர் தங்களை 'நாம்' என்று சொல்லிக்கொள்கிறார்களே, அந்த 'நாம்' பற்றித்தான் பேச்சு.

இந்த 'நாம்' மீது பிரான்ஸுக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு. புரட்சி நடந்த அதே 1789-இல், டிசம்பர் மாதம், யூதர்களுக்குக் குடியுரிமை தருவது பற்றிய விவாதத்தில் கிளெர்மோன்-தோனேர் என்ற தேசிய சபை உறுப்பினர் பேசினார்: தனி மனிதர்களாக யூதர்களுக்கு எல்லாம் தர வேண்டும், தனி இனமாக ஒன்றும் தரக் கூடாது. 1791-இல் வந்த லே ஷாப்லியே சட்டம் தொழிலாளர்களும் கைவினைஞர்களும் சங்கமாகச் சேர்வதைத் தடை செய்தது. தொழிற்சங்கங்கள் சட்டப்படி செல்லுபடியாக 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவில் வேறு எந்தக் கூட்டமும் நிற்கக் கூடாது என்பது அந்தப் புரட்சியின் அடிப்படை எண்ணம்.

அதே காலத்தில் இன்னொரு குரலும் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு மனிதர்கள் நெருக்கமாக, ஒருவருக்கொருவர் வெளிப்படையாக வாழ்ந்தார்கள், நாகரிகம் அதைக் கெடுத்துவிட்டது என்ற ஏக்கக் குரல். பதினெட்டாம் நூற்றாண்டில் ரூசோ அதை வலுவாக எழுப்பினார். 1887-இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் தோனீஸ் அதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார்: உறவும் ஊரும் சேர்ந்த பழைய கூட்டு வாழ்க்கை ஒரு பக்கம், ஒப்பந்தமும் கணக்கும் சேர்ந்த நவீன வாழ்க்கை மறுபக்கம். ஏக்கம் அப்போது பாவமற்றதாகத்தான் தெரிந்தது. பிற்பாடு நாஜிகள் 'மக்கள் சமூகம்' என்பதைத் தங்கள் முழக்கமாக எடுத்துக்கொண்டபோதுதான் அந்த ஏக்கம் எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்று தெரிந்தது.

1983-இல் ழான்-கிறிஸ்தோஃப் பேய்யி என்ற எழுத்தாளர் தான் நடத்திய 'அலேயா' இதழுக்கு 'சமூகம், எண்ணிக்கை' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துக் கட்டுரைகள் கேட்டார். ஸ்ட்ராஸ்பூர்கில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த ழான்-லுக் நான்சி எழுதிய பதில், மூன்று ஆண்டுகள் கழித்து விரிவாக்கப்பட்டுப் புத்தகமாக வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'ஆக்கப்படாத சமூகம்' என்று வைத்துக்கொள்ளலாம். இன்றும் இந்த விவாதத்துக்குள் நுழைபவர்கள் எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள்.

நான்சி முதலில் அந்த ஏக்கத்தின் மீதே கை வைக்கிறார். நாம் இழந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் அந்த நெருக்கமான சமூகம் ஒருபோதும் இருந்ததில்லை என்கிறார். ஒவ்வொரு காலமும் தனக்கு முந்தைய காலத்தில் அது இருந்ததாக நம்பியிருக்கிறது. ரோமானியர்கள் பழைய ரோமைப் பார்த்து ஏங்கினார்கள், ரூசோ தனக்கு முந்தைய எளிய வாழ்க்கையைப் பார்த்து ஏங்கினார், பத்தொன்பதாம் நூற்றாண்டு மத்திய காலத்துக் கிராமத்தைப் பார்த்து ஏங்கியது. இல்லாத ஒன்றை மீட்கக் கிளம்பினால் அதை உற்பத்தி செய்துதான் ஆக வேண்டும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

அவருடைய இரண்டாவது வாதம்தான் மையமானது. சமூகத்தை நாம் ஒரு படைப்பாக, கட்டி முடிக்க வேண்டிய ஒரு வேலையாக நினைக்கிறோம். அதற்கு ஒரு சாரம் இருக்கிறது, அது இரத்தமாக இருக்கலாம், மொழியாக இருக்கலாம், மதமாக இருக்கலாம், வர்க்கமாகவும் இருக்கலாம். அதை முழுமையாக வெளிக்கொண்டுவந்து எல்லோரும் அதில் ஒன்றாகிவிட்டால் சமூகம் நிறைவேறிவிட்டது என்று கற்பனை செய்கிறோம். வலதுசாரிகளும் இடதுசாரிகளும் இதில் ஒரே மாதிரித்தான் யோசித்தார்கள் என்று நான்சி சொல்கிறார். இவ்வளவுக்கும் கம்யூனிசம் என்ற பெயரின் மேல் அவருக்கு மரியாதை இருந்தது. பணமும் அதிகாரமும் பிரித்துவைக்காத ஒரு சேர்ந்த வாழ்வுக்கான ஆசை அந்தப் பெயரில் இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. மனிதனைத் தன்னைத் தானே தயாரிக்கும் உற்பத்தியாளனாக மட்டும் பார்த்த இடத்தில்தான் அதுவும் கெட்டது என்பது அவர் கருத்து.

இப்படி ஒன்றாகிவிட விரும்பும் சமூகம் மரணத்தை நோக்கி நடக்கிறது என்று அவர் சொல்லும் பகுதியை ஒரே மூச்சில் படித்துவிட முடியாது. இடைவெளியே இல்லாமல் முழுவதும் ஒன்றாக இருப்பவர்கள் யார்? மண்ணோடு கலந்துவிட்ட பிணங்கள்தான். நாஜி ஜெர்மனியின் தர்க்கம் யூதர்களையும் ஜிப்சிகள் எனப்பட்ட ரோமா மக்களையும் 'தூய சமூகத்துக்கு' வெளியே தள்ளிக் கொன்றதோடு நிற்கவில்லை. அந்தச் சமூகத்துக்குள்ளேயே தூய்மை போதாதவர்கள் என்று ஊனமுற்றவர்களும் மனநோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். கடைசியில் அந்த நாடு தன்னையே பலி கொடுக்கும் இடத்துக்கு வந்தது. தூய்மைக்கு எல்லை கிடையாது என்பதால் இந்தக் கணக்கு முடியவே முடியாது.

சரி, படைப்பாக நினைக்கக் கூடாது என்றால் வேறு எப்படி நினைப்பது? இங்கேதான் புதிதாக வாசிப்பவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நான்சி ஒரு திட்டத்தைத் தருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறார். தனி மனிதன் முதலில் தனியாக இருந்து, அப்புறம் மற்றவர்களோடு சேர்ந்தான் என்பது ஒரு கட்டுக்கதை. நான் பிறந்தது எனக்குத் தெரியாது, பார்த்தவர்கள் மற்றவர்கள். நான் இறப்பதையும் மற்றவர்கள்தான் பார்ப்பார்கள். என் வாழ்க்கையின் இரண்டு ஓரங்களும் என் கையில் இல்லை, மற்றவர்கள் முன்னால் திறந்து கிடக்கின்றன. அப்படித் திறந்து கிடப்பதைத்தான் நான்சி சமூகம் என்கிறார். ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கர் 1927-லேயே மனித இருப்பு மற்றவர்களோடு இருப்பது என்று எழுதியிருந்தார். ஆனால் மரணம் என்று வந்தபோது அதை என்னுடையது மட்டுமே என்றார். பிறகு அதே நூலில் சமூகத்தை ஒரு மக்கள் இனத்தின் தலைவிதியாக மாற்றினார். 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஹைடெக்கர் வழுக்கிய அந்த இடத்திலிருந்துதான் நான்சி தன் சிந்தனையைத் தொடங்குகிறார்.

வேறொரு கட்டுரையில் அவரே தரும் எடுத்துக்காட்டு ரயில் பெட்டி. ஒரே பெட்டியில் தற்செயலாகச் சேர்ந்த பயணிகள். அவர்களுக்குள் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்ல முடியும். ஆனாலும் அவர்கள் ஒரே பெட்டியில், ஒரே நேரத்தில், ஒருவர் பார்வையில் இன்னொருவர் பட, சேர்ந்துதான் இருக்கிறார்கள். கூட்டமாகச் சிதறிவிடலாம், குழுவாகத் திரண்டும் விடலாம். இரண்டும் ஆகாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். சார்த்தர் பேருந்து வரிசையில் குறையை மட்டும் பார்த்தார். ஏறக்குறைய அதே காட்சியில் நான்சி நம் அடிப்படை நிலையைப் பார்க்கிறார். இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் இந்தத் திருப்பம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

'ஆக்கப்படாத சமூகம்' புத்தகத்தில் கதைசொல்லி பற்றி ஒரு பகுதி வருகிறது. எல்லோரும் கூடியிருக்கிறார்கள், நடுவில் ஒருவர் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கதையைச் சொல்கிறார், கேட்டவர்கள் ஒரு மக்களாகிறார்கள். இந்தக் காட்சி நமக்கு மிகவும் பிடித்தமானது. நம் தொன்மங்களிலேயே பெரிய தொன்மம் இந்தக் காட்சிதான் என்கிறார் நான்சி. பழைய கதையைப் புதுப்பித்து மக்களை ஒன்றாக்கிவிடலாம் என்று நாஜிகள் முயன்றதை, அவரும் நண்பர் ஃபிலிப் லக்கூ-லபார்த்தும் சேர்ந்து வேறொரு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இன்று நமக்கு மிஞ்சியிருப்பது தடைபட்ட கதை, முடிவுரை சொல்லாத எழுத்து. இலக்கியம் நம்மைச் சேர்ப்பது அந்தத் தடைபட்ட இடத்தில்தான் என்ற அவர் எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும், அரசியல் மேடைகளில் பழம்பெருமை பேசப்படும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கும் வரும்.

நான்சியின் பின்னால் நிற்பவர் எழுத்தாளர் ஜார்ஜ் பத்தாய். 1930-களில், ஐரோப்பாவில் ஃபாசிசக் கூட்டங்கள் லட்சக்கணக்கில் திரண்டபோது, அந்தச் சூட்டுக்கு ஈடான ஒன்றை இடதுசாரிகள் ஏன் தர முடியவில்லை என்று கவலைப்பட்டவர் அவர். மக்களுக்குக் கூலி மட்டும் போதாது, புனிதமான ஒன்று வேண்டும் என்று நினைத்தார். 1936-இல் 'தலையற்றவன்' என்ற பெயரில் ஓர் இதழ் தொடங்கினார். அட்டையில் ஓவியர் ஆந்த்ரே மசோன் வரைந்த தலையில்லாத மனித உருவம். தலையற்றது என்றால் தலைவனற்றது என்றும் பொருள். அதே பெயரில் ஒரு ரகசியக் குழுவும் இருந்தது. மார்லி காட்டில் இடி விழுந்த ஒரு மரத்தடியில் கூடினார்கள். நரபலி கொடுக்கக்கூட யோசித்தார்கள், பலியாகத் தயாராக இருந்தவர்கள் உண்டு, வெட்டத் தயாராக யாரும் இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. போர் வந்ததும் எல்லாம் கலைந்தது. அந்தத் தோல்வியில்தான் பத்தாய் கற்றுக்கொண்டார் என்று நான்சி மதிப்பிடுகிறார். கூடிக் கரைந்துவிடும் ஆசையின் அடிவரை போய், அங்கே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர்.

பத்தாயின் நெருங்கிய நண்பர் எழுத்தாளர் மோரிஸ் பிளான்ஷோ. நான்சியின் கட்டுரை வந்த அதே 1983-இல், சில மாதங்களுக்குள், ஒரு சிறு நூலை எழுதிப் பதில் சொன்னார். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சமூகம் என்பது அதன் தலைப்பின் பொருள். இருவருக்கும் இடையில் ஒரு நுட்பமான சண்டை நடக்கிறது. நான்சி எல்லோருக்கும் பொதுவான இருப்பைப் பேசுகிறார். பிளான்ஷோ சாகும் ஒரு மனிதன், அவன் கையைப் பிடித்திருக்கும் இன்னொருவன் என்று இரண்டு பேரிலிருந்து தொடங்குகிறார். அங்கே சமத்துவமோ கொடுக்கல் வாங்கலோ இல்லை. மற்றவர் எப்போதும் என்னைவிட மேலே இருக்கிறார். இது தத்துவவாதி லெவினாஸிடமிருந்து வந்த எண்ணம்.

ஆனால் அந்த நூலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு வரலாற்று நிகழ்ச்சி. 1962 பிப்ரவரி 8. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட அல்ஜீரியா நடத்திய போரின் கடைசி மாதங்கள். அல்ஜீரியாவைப் பிரான்ஸிடமே வைத்திருக்கக் குண்டு வைத்த தீவிர வலதுசாரி ரகசியப் படைக்கு எதிராகப் பாரிஸில் ஊர்வலம். காவல்துறைத் தலைவர் மோரிஸ் பப்போன். ஷரோன் மெட்ரோ நிலையத்தின் வாசலில் போலீஸ் தாக்கியதில் 9 பேர் இறந்தார்கள். பிப்ரவரி 13 அன்று அவர்களுடைய இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் கலந்துகொண்டார்கள். பிளான்ஷோ அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, அதை எண்ணிக் கூட்டிப் பார்க்க முடியாது என்கிறார். இத்தனை பேர் என்று சொல்ல முடியாதபடி, எதையும் கைப்பற்ற வராதபடி, இறந்தவர்களுக்குத் துணையாக நடந்தார்கள். அதிகாரம் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை; அப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பிறகு கலைந்து போனார்கள். கலைந்து போனதால் அது தோற்றுவிடவில்லை என்பதுதான் பிளான்ஷோ அழுத்திச் சொல்வது. நிறுவனமாக, கட்சியாக, ஆண்டுவிழாவாக மாறியிருந்தால் அந்தக் கூட்டம் வேறொன்றாகியிருக்கும். மாணவர்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்த 1968 மே மாதத்தையும் அவர் இப்படித்தான் பார்க்கிறார். அப்போது மாணவர்-எழுத்தாளர் செயற்குழுவில் அவர் இருந்தார். அங்கே எழுதியவை யார் பெயரும் இல்லாமல் வெளிவந்தன.

பிளான்ஷோவைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1930-களில் அவர் தீவிர வலதுசாரி இதழ்களில் எழுதியவர். தேசம் என்ற 'நாம்' எப்படிப் பேசும் என்று உள்ளிருந்தே அறிந்தவர். நான்சி 2014-இல், பிளான்ஷோவின் அந்தச் சிறு நூலுக்கென்றே ஒரு முழு நூலை எழுதி, அதில் ஒளிந்திருக்கும் அரசியலை மறுபடி விசாரித்தார். முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்த உரையாடலை அவர் விடவில்லை.

தத்துவவாதி ழாக் தெரிதாவுக்குச் சமூகம் என்ற சொல்லே பிடிக்காது. காரணம் அவர் பிள்ளைப் பருவத்தில் இருக்கிறது. அல்ஜீரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு 1940-இல் அல்ஜீரிய யூதர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1942-இல் பன்னிரண்டு வயதில் அவர் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். வெளியேற்றப்பட்ட யூத ஆசிரியர்கள் நடத்திய பள்ளியில் சேர்த்தபோது அங்கேயும் அவரால் ஒட்ட முடியவில்லை. துரத்தியவர்களின் 'நாம்', அடைக்கலம் தந்தவர்களின் 'நாம்' இரண்டுமே அவருக்கு மூச்சு முட்டியது. பின்னாளில் நட்பு, விருந்தோம்பல் என்ற சொற்களை வைத்துத்தான் இதே விஷயத்தை அவர் யோசித்தார்.

இலக்கியத் திறனாய்வாளர் ரோலான் பார்த்தை இந்த வரிசையில் பலர் சேர்ப்பதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. 1977-இல் பாரிஸின் கொலேஜ் த பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் அவர் நடத்திய முதல் வகுப்புத் தொடரின் தலைப்பே சேர்ந்து வாழ்வது எப்படி என்பதுதான். கிரேக்கத்தின் ஆதோஸ் மலைத் துறவிகளில் ஒரு சாரார் ஒரே மடத்தைச் சேர்ந்தவர்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனக்கேற்ற நேரத்தில் உண்டு, உறங்கி, வாழ்ந்தார்கள். அவரவர் தாளம் கெடாமல் சேர்ந்திருப்பது. பார்த்துக்கு இது ஒரு கனவாகவே ஆகிவிட்டது. அதிகாரம் என்றால் என்ன என்று விளக்க, தன் ஜன்னலிலிருந்து 1976 டிசம்பர் 1 அன்று பார்த்ததைச் சொல்கிறார்: ஒரு தாய் காலியான தள்ளுவண்டியை முன்னே தள்ளிக்கொண்டு, மறு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தன் வேகத்தில் நடக்கிறாள். குழந்தை இழுபட்டு ஓடிக்கொண்டே வருகிறது. அடியும் இல்லை, திட்டும் இல்லை. வேறொருவர் தாளத்தை நம்மேல் ஏற்றுவதில்தான் அதிகாரம் நுழைகிறது. அவர் கனவு கண்ட கூட்டம் பத்துப் பேருக்குள் அடங்குவது. ஒரு நாட்டுக்கு இது உதவாது. ஆனால் ஒரு வீட்டுக்கும், ஒரு விடுதிக்கும், ஓர் அலுவலகத்துக்கும் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான்சியும் கேட்கவில்லை, பிளான்ஷோவும் கேட்கவில்லை.

1990-களில் இந்த விவாதத்தின் நிறம் மாறியது. யுகோஸ்லாவியா உடைந்து, போஸ்னியத் தலைநகர் சாராயேவோ முற்றுகையில் இருந்த நேரம். 1996-இல் வந்த தன் நூலின் தொடக்கத்தில், 1995 கோடை என்று தேதியிட்டு, நான்சி ஒரு நீண்ட பட்டியல் போடுகிறார். போஸ்னியா, செச்னியா, ருவாண்டா என்று தொடங்கும் அந்தப் பெயர் வரிசையில் தமிழ்ப் புலிகளும் வருகிறார்கள். யார் சரி, யார் தவறு என்று அங்கே அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கொல்பவர்கள், கொல்லப்படுபவர்கள், எழுச்சிகள், அரசுகள், பிரான்ஸின் புறநகர்ப் பேட்டைகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. 'நாம்' என்ற குரல் எத்தனை இடங்களில் துப்பாக்கியோடு எழுந்துகொண்டிருக்கிறது என்று காட்டுவதுதான் நோக்கம். ஒடுக்கப்பட்டவர்களின் 'நாம்' வேறு, ஒடுக்குபவர்களின் 'நாம்' வேறு என்று ஒரு வாசகர் சண்டை பிடிக்கலாம். எனக்கும் அந்த வரிசையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதற்குப் பிறகு சமூகம் என்ற சொல்லை அவர் குறைத்துக்கொண்டு, 'உடன்' இருப்பது என்றே அதிகம் எழுதினார்.

அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அவருக்கு இதய மாற்று சிகிச்சை நடந்திருந்தது. 2000-இல் வந்த ஒரு சிறு நூலில் அதை எழுதினார். முன்பின் தெரியாத ஒருவரின் இதயம் வந்த பிறகு, அதை வாழவைக்க உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்க வேண்டும். அடக்கினால் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பழைய கிருமிகள் விழிக்கின்றன. பிறகு புற்றுநோயும் வந்தது. எது நான், எது அந்நியம் என்று பிரிக்க முடியாத நிலை. தேசத்தை ஒரே உடம்பு என்றும் அந்நியரைக் கிருமி என்றும் பேசும் அரசியலுக்கு இதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை. அந்த இதயத்தோடு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 2021-இல் நான்சி காலமானார்.

இதெல்லாம் சரி, ஆனால் இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்குக் குழு வேண்டும், நிதி வேண்டும், கட்டுப்பாடு வேண்டும். கலைந்து போகும் கூட்டத்தின் அழகு அவர்களுக்கு அரிசி வாங்கித் தராது. அந்த வகையில் இந்தச் சிந்தனை அரைகுறையானதுதான். இது அமைப்பைக் கட்டச் சொல்லித் தருவதில்லை. கட்டிய அமைப்பு தன்னை ஒரே உடலாக, ஒரே இரத்தமாக நினைக்கத் தொடங்கும் நேரத்தை அடையாளம் காணச் சொல்லித் தருகிறது. அந்த வேலைக்கு இதைவிடத் தெளிவான சிந்தனை வேறு எங்கும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

படிக்க விரும்புபவர்கள் பார்த்தின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து தொடங்கலாம். சிறு சிறு தலைப்புகளாக இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். நான்சியின் முதல் கட்டுரை பத்தாயைப் பற்றி ஓரளவு தெரியாமல் படித்தால் பாதியில் நின்றுவிடும். பிளான்ஷோவின் நூல் நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் அதன் இரண்டாம் பகுதி எழுத்தாளர் மார்கெரித் த்யுராஸ் 1982-இல் எழுதிய ஒரு குறுங்கதையைப் பற்றியது. அந்தக் கதையை ஒரு மாலையில் படித்துவிடலாம். அதை முதலில் படித்துவிட்டுப் போவது நல்லது.